1908: நெல்லையின் எழுச்சியும் நமது பங்கும்



தாமிரபரணிக் கரையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் நாம், இம்மண்ணின் விடுதலை வரலாற்றில் நம் சமுதாயத்திற்குள்ள பங்கை நம் பிள்ளைகளுக்கு எடுத்துரைக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேலப்பாளையத்துத் தறிகளிலும் பத்தமடைக் கோரைப்பாய்களிலும் நம்மவர் உழைப்பு நிறைந்திருந்தது. ஆயினும் தூத்துக்குடியிலிருந்து கொழும்பு சென்ற கப்பல் போக்குவரத்து ஆங்கிலேயக் கம்பெனியின் பிடியிலேயே இருந்தது. அதை எதிர்த்து 1906ஆம் ஆண்டு வ.உ.சிதம்பரம் பிள்ளை அவர்கள் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார்கள். அதன் மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். அவற்றுள் 8,000 பங்குகளை 2 லட்சம் ரூபாய் கொடுத்து ஏற்றவர் ஹாஜி முகமது பக்கீர் சேட் அவர்கள். அதாவது, மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு!

1908 மார்ச் 12ஆம் நாள் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைது செய்யப்பட்டனர். மறுநாள் நெல்லை கொந்தளித்தது. கடைகள் அடைக்கப்பட்டன, மாணவர்கள் வீதிக்கு வந்தனர், நகராட்சி அலுவலகமும் தபால் நிலையமும் தீக்கிரையாயின. காவலர் துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்தனர். பின்னர் அரசு தண்டக் காவல் படையை நிறுத்தி, அதன் செலவை ஊர் மக்கள் மீதே வரியாகச் சுமத்தியது. அதே ஆண்டு ஜூலையில் வ.உ.சி.க்கு 40 ஆண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டு, 1912 டிசம்பரில் அவர் விடுதலையானார். அதற்குள் 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டுவிட்டது.

கம்பெனி மூழ்கியது, பெரும் பொருள் இழப்பு நேர்ந்தது. எனினும் சமய வேறுபாடு பாராது தேசத்திற்காகப் பொருளைத் துணிந்து அளித்த அந்த நல்லிணக்கம் இழப்பாகிவிடவில்லை. 'இந்நாட்டிற்கு நீங்கள் செய்தது என்ன?' என்று எவரேனும் வினவினால், நம் இளைஞர்கள் ஆண்டும் எண்ணும் கூறி அமைதியாக விடையளிக்க வேண்டும். சினத்தைவிடச் சான்றே வலிமையானது.

அத்தகைய சான்றுகள் நம் இல்லங்களிலும் உறங்கிக் கிடக்கலாம். பழைய தறிக் கணக்கேடுகள், கொழும்பிலிருந்து வந்த கடிதங்கள், வக்ஃபுப் பத்திரங்கள் ஆகியவற்றைப் பழைய தாள் வணிகரிடம் எடைக்குப் போடாது பேணிக் காப்போமாக! வல்ல இறைவன் அதற்கு அருள்புரிவானாக! ஆமீன்.