முதுமலையின் கலச் சளிப்பூஞ்சைகள்

கலச் சளிப்பூஞ்சைகள் என்பவை காட்டு மண்ணிலும் விலங்குகளின் சாணத்திலும் காணப்படும் ஒரு வகை அமீபாக்கள் ஆகும். பெயரில் பூஞ்சை என்று இருப்பினும், இவை பூஞ்சைகள் அல்ல. நீலகிரி மாவட்டத்தின் முதுமலைக் காட்டில் டிக்டியோஸ்டீலியம் ஜைகான்டியம், டிக்டியோஸ்டீலியம் பர்ப்யூரியம் ஆகிய இனங்கள் வாழ்கின்றன.

வாழ்க்கை வட்டம்

உணவான பாக்டீரியாக்கள் உள்ளவரை ஒவ்வோர் அமீபாவும் தனித்து வாழ்ந்து, இரண்டாகப் பிளந்து பெருகுகிறது. உணவு தீர்ந்ததும் ஆயிரக்கணக்கான அமீபாக்கள் ஒன்றுகூடிச் சிறிய கூட்டுடலாகின்றன. இது பின்னர் மெல்லிய காம்பாகவும் அதன் நுனியில் அமைந்த வித்துத் திரளாகவும் மாறுகிறது. காம்பாகும் கலங்கள் இறந்துவிடுகின்றன. வித்தாகும் கலங்களே அடுத்த தலைமுறையைத் தோற்றுவிக்கின்றன.

மரபணுக் கட்டுப்பாடு

இவ்வளர்ச்சியின் மரபியல் பெரும்பாலும் டிக்டியோஸ்டீலியம் டிஸ்காய்டியம் என்னும் இனத்தைக் கொண்டே அறியப்பட்டுள்ளது. இதனைக் கென்னத் ரேப்பர் 1933 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வட கரோலினாவில் கண்டெடுத்தார். 2005 இல் வெளியான இதன் மரபணுத்தொகையில் சுமார் 12,500 மரபணுக்கள் உள்ளன.

பட்டினியுறும் அமீபாக்கள் சைக்ளிக் ஏ.எம்.பி என்னும் வேதிப்பொருளை வெளியிட்டு ஒன்றையொன்று அழைக்கின்றன. அதனை உருவாக்கும் நொதிக்கு ஒரு மரபணுவும், அதனை உணரும் ஏற்பிக்கு வேறொரு மரபணுவும் உள்ளன. நொதிக்குரிய மரபணு செயலிழந்தால் அமீபாக்கள் தாமாக ஒன்றுகூடுவதில்லை. கூட்டுடலில் ஏறத்தாழ 20 விழுக்காடு கலங்கள் காம்பாகவும், எஞ்சியவை வித்துகளாகவும் மாறுகின்றன.

2000 ஆம் ஆண்டில் 'ஏமாற்றும்' மரபணு மாற்றம் ஒன்று விவரிக்கப்பட்டது. அம்மாற்றம் கொண்ட அமீபாக்கள் இயல்பானவற்றுடன் கலந்திருக்கையில், தம் பங்கிற்கு மேல் வித்துகளாகின்றன. தனித்து விடப்பட்டால் அவற்றால் வித்துகளை உருவாக்க இயலுவதில்லை.

முதுமலை ஆய்வு

ஒரு கூட்டுடலின் கலங்கள் யாவும் ஒரே அமீபாவின் வழித்தோன்றல்கள் எனில், காம்புக் கலங்கள் இறந்தாலும் அவற்றின் மரபணுக்கள் வித்துகளில் அப்படியே தொடரும். இயற்கையில் அவ்வாறு உள்ளதா என்பதைப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த வித்யானந்த் நஞ்சுண்டையாவும் உடன் ஆய்வாளர்களும் ஆராய்ந்தனர். 2010 இல் வெளியான அவர்களது ஆய்வின்படி, மேற்கூறிய இரு முதுமலை இனங்களிலும் பெரும்பாலான கூட்டுடல்கள் வெவ்வேறு மரபுவழிகளைச் சேர்ந்த அமீபாக்களின் கலவையாகும். இவை பெரிய பாலூட்டி விலங்குகளின் சாணத்தின் வழியாக நெடுந்தொலைவு பரவுவதும் அறியப்பட்டது. இவ்வாறு பரவுவதால் வெவ்வேறு மரபுவழிகள் ஓரிடத்தில் சேர வாய்ப்பு உண்டாகிறது.

எனவே, காம்புக் கலங்களின் 'தியாகத்தை' ஒரே மரபணுக்களைக் கொண்ட உறவுக் கலங்களுக்குச் செய்யும் உதவி என்று மட்டும் விளக்குவது போதாது. ஏமாற்றும் மரபுவழிகள் தோன்றக்கூடிய நிலையிலும் இக்கூட்டு வாழ்க்கை அழியாமல் நீடிப்பது எவ்வாறு என்பது பரிணாம உயிரியலின் முக்கியக் கேள்விகளுள் ஒன்றாகும்.