ஒரே சொல், இரண்டு விதி

ஸ்பானிஷ் படிக்கிறவர்கள் எல்லாரும் ஒரு அட்டவணையில் மாட்டிக்கொள்வார்கள். 'புஸ்கார்' என்றால் தேடுதல். 'அவன் தேடுகிறான்' என்பது 'புஸ்கா'. 'அவன் தேடணும்' என்று ஆசையாகவோ வேண்டுகோளாகவோ சொல்லும்போது கடைசி 'ஆ', 'ஏ' ஆகி 'புஸ்கே' என்று வரும். காதுக்கு அவ்வளவுதான். எழுதும்போதுதான் வில்லங்கம். 'சி' எழுத்தை எடுத்துவிட்டு 'க்யூ', 'யூ' இரண்டையும் போட வேண்டும். பணம் கட்டுவதைச் சொல்லும் 'பகார்', 'பாகே' ஆகும்போது 'ஜி'க்குப் பின்னால் ஓர் ஊமை 'யூ' வந்து உட்காரும்.

ஒரு இன்ஜினியராக எனக்கு இது யாரோ அவசரத்தில் ஒட்டுப்போட்ட வேலையாகத்தான் தெரிந்தது. எங்கே உடைந்தது என்று தேடிப்போனால் லத்தீனில் போய் நின்றது.

பழைய லத்தீனில் 'சி' எங்கே வந்தாலும் 'க்' ஒலிதான். சிசரோவின் பெயரைக் கிரேக்கர்கள் 'கிகெரோன்' என்று எழுதியது அதற்குச் சாட்சி. பிந்தைய நூற்றாண்டுகளில் 'எ', 'இ' ஒலிகளுக்கு முன்னால் அந்த 'க்' மெலிந்துகொண்டே போனது. இன்றைய லத்தீன் அமெரிக்க உச்சரிப்பில் அது 'ஸ்'.

இப்போது 'பாகெம்' என்ற லத்தீன் சொல்லைப் பாருங்கள். அதற்கு இரண்டு வேலை. பெயர்ச்சொல்லாக வந்தால் 'அமைதியை'. வினையாக வந்தால் 'நான் சமாதானப்படுத்துவேனாக'. ஒலியில் இரண்டும் ஒன்றே. பெயர்ச்சொல் காலத்துக்கு வளைந்துகொடுத்து 'பாஸ்' ஆனது. வினைச்சொல் மட்டும் 'பாகே' என்று நின்றுவிட்டது. கடன் கொடுத்தவரைச் சமாதானப்படுத்துவதுதானே பணம் கட்டுவது!

வினை ஏன் வளையவில்லை? 'பாகோ, பாகாஸ், பாகா' என்று கூடப்பிறந்தவை எல்லாம் ககரத்தோடு இருக்கும்போது ஒன்று மட்டும் விலகிப்போவதைப் பேசியவர்கள் விடவில்லை. எல்லா வினைக்கும் இந்தக் கொடுப்பினை இல்லை. 'சொல்கிறான்' என்பதற்கு 'தீசே', 'சொல்லணும்' என்பதற்கு 'தீகா' என்று இன்றைக்கும் பிளந்து கிடக்கும் வினையும் உண்டு.

ஆக, ஒட்டுப்போட்டது எழுத்தில்தான். ஒலி உடையவே இல்லை.

அந்த ஒட்டைப் பிரித்தெடுக்கவும் ஆட்கள் வந்தார்கள். 1630இல் சாலமாங்கா பேராசிரியர் கொன்சாலோ கொர்ரெயாஸ், 'க்' ஒலி வரும் இடமெல்லாம் 'கே' எழுத்தையே எழுதச் சொன்னார். தன் பெயரையும் அப்படியே எழுதினார். அவர் வழியில் போயிருந்தால் 'புஸ்கார்', 'புஸ்கே' இரண்டுக்கும் ஒரே எழுத்து போதும். 1823இல் லண்டனில் இருந்த வெனிசுவேலா அறிஞர் ஆந்த்ரேஸ் பெல்லோ, ஹுவான் கார்சியா தெல் ரியோவோடு சேர்ந்து, ஊமை 'யூ'வை எடுத்துவிடலாம் என்று எழுதினார். அப்போதுதான் விடுதலை பெற்றுவந்த அமெரிக்க நாடுகளில் எழுத்து எளிதானால் கல்வி பரவும் என்பது அவர்கள் கணக்கு. சிலி 1844இல் அந்த யோசனைகளில் சிலவற்றை ஏற்றது. அதே ஆண்டு ஸ்பெயினில் அரசி இரண்டாம் இசபெல், அரச அகாதமியின் எழுத்துமுறையைப் பள்ளிகளில் கட்டாயமாக்கினார். சிலியும் 1927இல் தன் வழியைக் கைவிட்டது. ஊமை 'யூ' பிழைத்துக்கொண்டது.

நாம் செய்துகொண்ட ஏற்பாடு வேறு. 'பக்கம்', 'தங்கம்', 'பகல்' மூன்றிலும் ககரத்தின் ஒலி வேறு வேறு, எழுத்து ஒன்றே. ஒலியை வாசிப்பவர் காதிடம் விட்டுவிட்டோம். ஸ்பானிஷ் வினை ஒலியைக் காப்பாற்ற எழுத்தை மாற்றிக்கொண்டது. பாடப்புத்தகம் இதற்குத் தனி அத்தியாயம் போட்டுப் பயமுறுத்துகிறது. ஆனால் அந்த ஒலியை முதலில் காப்பாற்றியவர்களில் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்.