இரண்டு கதவுகள்: பழவேற்காட்டிலிருந்து ஒரு கல்வி வரலாறு

பழவேற்காடு ஏரியில் யார், எங்கே, எந்த நாளில் வலை போடலாம் என்பதைப் 'பாடு' முறை தீர்மானித்தது. அந்த உரிமை பட்டினவர் ஊர்களிடம் இருந்தது. தலித்துகளும் இருளர்களும் வெளியே நிறுத்தப்பட்டார்கள்.

தோழர்களே, பொறியியல் கல்விக்குள்ளும் ஒரு பாடு உண்டு. 1794இல் சென்னையில் தொடங்கிய நில அளவைப் பள்ளி, கிண்டி பொறியியல் கல்லூரியாக வளர்ந்து பட்டம் தந்தது. 1916இல் தொடங்கிய தொழிற்பள்ளி, மத்திய பாலிடெக்னிக்காகி டிப்ளமோ தந்தது. அரசுப் பணியிலும் அதே கோடுதான்: பி.இ. முடித்தவர் உதவிப் பொறியாளர், டிப்ளமோ முடித்தவர் இளநிலைப் பொறியாளர்.

ஏரிக்குத் தெற்கே அனல்மின் நிலையமும் எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களும் எழுந்தன. அங்கே நம் பிள்ளைகள் எந்தக் கதவு வழியாக நுழைவார்கள்?

வீட்டுக்கு உடனே வருமானம் வேண்டுமென்றால் மூன்றாண்டு டிப்ளமோ கைகொடுக்கும், பிறகு பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். ஆனால் 2021இல் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. பத்தாம் வகுப்போடு பாலிடெக்னிக் போனால் அது கைநழுவும். டிப்ளமோ இழிவல்ல. இதைச் சொல்லாமல் பிள்ளையை அங்கே அனுப்புவதுதான் அநீதி. பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு முன்பே ஊர் ஊராகப் போய்ச் சொல்லுங்கள்.