வெற்றிலை மென்ற மீன்

திருகோணமலைத் துறைமுகத்தின் தென்புறத்தே, கொட்டியாரக் குடாவில் மகாவலி கங்கை கடலோடு கலக்கின்றது. அக்குடாவை அண்டிய கிண்ணியாப் பகுதியைச் சேர்ந்தது குறிஞ்சாக்கேணி. ஊர்ப் பெயரிலேயே கேணி இருக்கின்றது. கேணியும் குளமும் நிறைந்த நாட்டிலே சிறு மீனைப் பிடித்துப் போத்தலில் இட்டு வேடிக்கை பார்க்காத பிள்ளைகள் அரியர்.

அவ்விளையாட்டு மேல்நாட்டில் ஒரு கலையாக வளர்ந்தது சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில். 1853இல் இலண்டன் மிருகக்காட்சிச் சாலையில் கண்ணாடித் தொட்டிகள் கொண்ட மீன்மனை திறக்கப்பட்டது. அதன்பின் செல்வர் வீட்டுக் கூடங்களில் மீன்தொட்டி இடம்பெற்றது. தொலைநாட்டு நன்னீர் மீன்களை வாங்கும் ஆவலும் பெருகிற்று.

இலங்கையின் ஈரவலய ஓடைகளில் வாழும் சிறு கெண்டை ஒன்றினை 1868இல் குந்தர் என்னும் அறிஞர் விவரித்தார். அவர் பிரித்தானிய நூதனசாலையில் இருந்தவர். அவர் இட்ட இலத்தீன் பெயருக்குக் கரும்பட்டையுடையது என்பது பொருள். சிங்களக் கிராமத்தவரோ அதனை 'புலத் ஹப்பயா', அதாவது வெற்றிலை மென்றவன், என்பர். இனப்பெருக்கக் காலத்தில் ஆண்மீனின் முகமும் முன்னுடலும் வெற்றிலை போட்ட வாய்போலச் சிவந்துவிடும். மதுசாரத்தில் இட்ட மீனில் அந்தச் சிவப்பு நில்லாது. உயிரோடு பார்த்தவர் வைத்த பெயரே உயிருள்ள பெயர் என்று சொல்லத் தோன்றுகிறது. 1929இல் தெரணியகல விவரித்த 'தித்தயா' என்னும் செங்கெண்டைக்கு அவர் சிங்களப் பெயரையே அறிவியற் பெயரிலும் சேர்த்துக்கொண்டார்.

தொட்டி வெறும் அழகுப் பொருளன்று. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் களப்புகளில் வாழும் ஒரு சிறு செம்மஞ்சள் மீன், தன் குஞ்சுகளைத் தாயும் தந்தையுமாகக் காக்கும். அக்குஞ்சுகள் பெற்றோரின் உடல்மேற் சுரக்கும் சளியைக் கொத்தி உண்கின்றன. கலங்கிய களப்பு நீரில் இதனை யார் காண முடியும்? கண்ணாடிக்குப் பின்னே பொறுமையோடு காத்திருந்தவர்களுக்கே அது புலப்பட்டது.

ஆயின் அதே ஆசை ஓடைகளை வெறுமையாக்கவும் செய்தது. ஏற்றுமதிக்காக வண்ண மீன்கள் ஓடைகளிலிருந்து வாரியெடுக்கப்பட்டன. காடுகளும் அழிந்து நிழல் குறைந்தது. களனி, களு கங்கைகளின் மீன்கள் அற்றுப்போகுமோ என அஞ்சி, 1981இல் வெற்றிலை மென்றவனையும் செங்கெண்டையையும் உள்ளிட்ட சில இனங்கள் மகாவலியின் மேற்பகுதி ஓடைகளிற் கொண்டுபோய் விடப்பட்டன. அவற்றுட் சில அங்கே நிலைகொண்டன என்பதை 1990இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. 1996ஆம் ஆண்டின் மீன்பிடிச் சட்டத்தின் கீழ் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடுகளும் வந்தன. இன்று உலகச் சந்தையில் விற்கும் செங்கெண்டைகளில் மிகப் பெரும்பாலானவை பண்ணைகளிற் பிறந்தவை.

மகாவலியில் விடப்பட்ட அம்மீன்கள் நீரோட்டத்தோடு கொட்டியாரம் வரை இறங்கிவிடும் என்று எண்ணவேண்டாம். அவை மரநிழலையும் குளிர்ந்த தெளிநீரையும் விட்டு நீங்காதவை. ஆற்றின் கடைவாயில் வாழும் குறிஞ்சாக்கேணிப் பிள்ளை அவற்றைக் காண வேண்டுமாயின், கண்ணாடித் தொட்டியிலேதான் காண வேண்டும்.