சூலகம் சொன்ன நாட்கணக்கு

பேசாலையிலும் தலைமன்னாரிலும் கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள் பல. 1951இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பயஸ், இத்தாலிய மருத்துவிச்சியருக்கு ஆற்றிய உரையில், தக்க காரணமிருப்பின் கருத்தரியாத நாட்களைத் தம்பதியர் கணித்துக்கொள்ளலாம் என்றார். அந்நாளில் யாழ்ப்பாண மறைமாவட்டத்தைச் சேர்ந்திருந்த மன்னார்க் கரைக்கும் அதுவே திருச்சபையின் நெறியானது. ஆனால் அந்தக் கணக்குப் பிறந்த இடம் உரோமாபுரி அன்று. யப்பானின் நீகாட்டா நகரத் தக்கேயாமா மருத்துவமனை.

அங்கே கியூசாக்கு ஒகினோ என்னும் வைத்தியர், வயிற்றுச் சத்திரசிகிச்சைக்கு வந்த பெண்களின் சூலகங்களை நேரிற் கண்டு ஆராய்ந்தார். முட்டை வெளியேறிய இடத்தில் உருவாகும் மஞ்சட் சடலத்தின் நிலையை, அப்பெண்களின் மாதவிடாய் நாட்களோடு ஒப்பிட்டார். முந்திய விடாயிலிருந்து முன்னோக்கி எண்ணுவதே அதுவரை வழக்கம். அவரோ அடுத்த விடாயிலிருந்து பின்னோக்கி எண்ணினார். அதற்கு 12 முதல் 16 நாட்களுக்கு முன் முட்டை வெளியேறுகிறது என்று 1924இல் எழுதினார். எண்ணும் திசையை மாற்றியதே அவர் செய்த பெருங்காரியம் என்பேன். ஒஸ்திரியாவின் ஹெர்மன் க்னவுஸ் வேறு வழியில் ஏறத்தாழ இதே முடிவை அடைந்தார்.

இடர்ப்பாடும் இங்கேதான். நடந்து முடிந்ததையே சூலகம் காட்டும். வரவிருக்கும் விடாயின் நாளை எந்தப் பெண் முன்கூட்டி அறிவாள்? சுழற்சி பிறழ்ந்தால் கணக்கும் பிழைக்கும், சுமப்பவள் அவளே. கருத்தடைக்கு இம்முறையை நம்பலாகாது என்று எதிர்த்தவர்களில் ஒகினோவும் ஒருவர்.