முடியாதுன்னா ஏன்னு சொல்லுங்க!

அமெரிக்காவில் கிரெடிட் கார்டுக்கு விண்ணப்பம் போட்டு, வங்கி கையை விரிச்சுட்டா கொஞ்ச நாளில் ஒரு கடிதம் வரும். "வருந்துகிறோம்" என்று ஆரம்பிக்கும். கீழே ரெண்டு மூணு காரணம் இருக்கும். அதுக்கும் கீழே ஒரு கிரெடிட் நிறுவனத்தோட பேரும் விலாசமும் பொடி எழுத்தில் இருக்கும். நம்மாளுங்க பெரும்பாலும் முதல் வரியோட நிறுத்திட்டு, "போடா நீயும் உன் கார்டும்" என்று கடாசிடுவாங்க.

கடாசாதீங்க மக்களே. அந்தக் கடிதம் வங்கி மரியாதைக்காக அனுப்புறது இல்லை. அனுப்பியே ஆகணும் என்று சட்டம் இருக்கு. அந்தச் சட்டத்துக்குப் பின்னாடி ஒரு போராட்டமும் இருக்கு. அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

கேட்காமலே வந்த கார்டு

1958 செப்டம்பர் 18. கலிஃபோர்னியாவில் ஃபிரெஸ்னோ என்ற ஊர். பேங்க் ஆஃப் அமெரிக்கா அந்த ஊர்க்காரங்களுக்கு 60,000 கார்டுகளைத் தபாலில் அனுப்பி வெச்சது. யாரும் விண்ணப்பம் போடலை, கையெழுத்துப் போடலை. தபால்பெட்டியைத் திறந்தா கார்டு! பின்னாளில் விசா என்று பேர் மாறிய பேங்க்அமெரிகார்டு பிறந்த கதை இதுதான்.

விண்ணப்பமே இல்லைன்னா நிராகரிப்பும் இல்லைதானே? ஆனா கூத்து அதிக நாள் நீடிக்கலை. நூத்துக்கு நாலு பேர் பணம் கட்ட மாட்டாங்க என்று வங்கி கணக்குப் போட்டிருந்தது. கட்டாம விட்டது 22 பேர். நஷ்டம் 88 லட்சம் டாலருக்கு மேலே என்று வங்கியே ஒத்துக்கிட்டது. அப்படியும் மத்த வங்கிகள் இதே வழியில் இறங்கி, 1960-கள் முழுக்கக் கார்டுகளை வாரி இறைச்சாங்க. கடைசியில் 1970-இல் கேட்காதவனுக்குக் கார்டு அனுப்பக் கூடாது என்று சட்டமே வந்தது.

இனி கார்டு வேணும்னா கேட்டுத்தான் வாங்கணும். கேட்டா, முடியாதுன்னும் சொல்லலாம். கதை இங்கேதான் சூடு பிடிக்குது.

பக்கத்து வீட்டுக்காரன் சொன்னது

யாருக்குக் கொடுக்கலாம், யாருக்கு வேண்டாம் என்று எப்படி முடிவு பண்ணாங்க? ரொம்ப காலம் அது அதிகாரியோட மனசில் இருந்த கணக்கு. ஆளோட குணம், சம்பாத்தியம், சொத்து பத்து, அவ்ளோதான்.

தகவல் கொடுக்க நிறுவனங்கள் இருந்தன. அதில் பெரிசு, 1899-இல் அட்லாண்டாவில் அண்ணன் தம்பி ரெண்டு பேர் ஆரம்பிச்ச ரீட்டெயில் கிரெடிட் கம்பெனி. இவங்க ஆளுங்க அக்கம்பக்கத்தில் போய் விசாரிப்பாங்க. குடிப்பானா, குடும்பம் ஒழுங்கா நடக்குதா, பழக்க வழக்கம் எப்படி? பக்கத்து வீட்டுக்காரனுக்கு உங்க மேலே காண்டு இருந்தா முடிஞ்சுது கதை. அவன் சொன்னது ஃபைலில் ஏறிடும். அந்த ஃபைலை நீங்க பார்க்க முடியாது. அப்படி ஒண்ணு இருக்குன்னே பல பேருக்குத் தெரியாது. (இந்தக் கம்பெனி 1975-இல் பேரை மாத்திக்கிட்டது. புதுப் பேர் ஈக்விஃபேக்ஸ்!)

விஸ்கான்சின் செனட்டர் வில்லியம் பிராக்ஸ்மயர் இதைக் கையில் எடுத்தார். 1970 அக்டோபரில் ஃபேர் கிரெடிட் ரிப்போர்ட்டிங் சட்டம் வந்தது. ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்து வங்கி உங்களைத் தள்ளினா, அதைக் கொடுத்தது யார் என்று சொல்லியாகணும். கடிதத்தோட அடியில் இருக்கிற அந்தப் பொடி எழுத்து விலாசம் அப்படி வந்ததுதான்.

நல்ல விஷயம்தான். ஆனா "யார் சொன்னான்" என்பதற்குத்தான் பதில் கிடைச்சது. "ஏன் தள்ளினே" என்ற கேள்விக்கு வங்கி இன்னும் வாயைத் திறக்க வேண்டியதில்லை.

மேயரம்மாவுக்கே கார்டு இல்லை

அந்தக் கேள்வியை விடாமக் கேட்டது பெண்கள்.

அயோவா மாநிலத்தில் டேவன்போர்ட் என்ற நகரம். 1970-களின் தொடக்கத்தில் அங்கே மேயரா இருந்தவர் கேத்ரின் கிர்ஷ்பாம். ஒரு நகரத்தையே நிர்வாகம் பண்ற அம்மா. பேங்க்அமெரிகார்டு கேட்டா, வீட்டுக்காரர் கையெழுத்து வேணும் என்று சொல்லிட்டாங்க!

இது ஒருத்தர் கதை இல்லை. 1972 மே மாசம் நுகர்வோர் நிதிக்கான தேசிய ஆணையம் இதைப் பத்தி விசாரணை நடத்தினது. வெளியே வந்ததெல்லாம் ஒரே மாதிரி புகார். கல்யாணம் ஆகாத பொண்ணுக்குக் கடன் கிடைக்கிறது, கல்யாணம் ஆகாத ஆணுக்குக் கிடைக்கிறதை விடக் கஷ்டம். கல்யாணம் ஆன உடனே பழைய கணக்கை விட்டுட்டு புருஷன் பேரில் புதுசா விண்ணப்பம் போடணும். வீட்டுக் கடன் கேட்டா மனைவி சம்பளத்தை முழுசா கணக்கில் சேர்க்க மாட்டாங்க, நாளைக்குக் குழந்தை பெத்துக்கிட்டு வேலையை விட்டுட்டா? விவாகரத்து ஆனாலோ புருஷன் செத்தாலோ அந்தப் பொண்ணுக்குக் கடன் வரலாறே கிடையாது. இருபது வருஷம் ஒழுங்கா தவணை கட்டினதெல்லாம் புருஷன் கணக்கில் போயிருக்கும்.

இதில் கொடுமை என்னன்னா, காரணம் கேட்டா யாரும் "நீ பொம்பளை, அதான்" என்று சொல்றதில்லை. எதுவுமே சொல்றதில்லை. காரணம் சொல்லாதவனோட எப்படிச் சண்டை போடுறது?

ஓரத்தில் எழுதின நாலு வார்த்தை

லூயிசியானாவைச் சேர்ந்த ஹேல் பாக்ஸ் என்ற பெரிய காங்கிரஸ் தலைவர், 1972 அக்டோபரில் அலாஸ்காவில் விமானத்தோட காணாமப் போனார். கடைசி வரை கிடைக்கலை. அவரோட இடத்துக்கு 1973-இல் தேர்தலில் நின்னு ஜெயிச்சவர் அவர் மனைவி லிண்டி பாக்ஸ். வங்கிக் குழுவில் உறுப்பினரா உட்கார்ந்தார்.

கடன் கொடுக்கிறதில் பாகுபாடு கூடாது என்ற மசோதா அந்தக் குழுவுக்கு வந்தப்போ, பட்டியலில் பெண்கள் விட்டுப் போயிருந்தாங்க. லிண்டி அம்மா சத்தம் போடலை. பால், திருமண நிலை என்ற வார்த்தைகளை ஓரத்தில் கையால் எழுதினார். நகல் எடுத்தார். ஒவ்வொருத்தர் கையிலும் கொடுத்து, உங்களை எல்லாம் எனக்கு நல்லாத் தெரியும், இது ஏதோ கவனப்பிசகா விட்டுப்போயிருக்கும் என்கிற மாதிரி சிரிச்சுக்கிட்டே சொன்னார். இல்லைம்மா, வேணும்னேதான் விட்டோம் என்று எவன் சொல்லுவான்? :-)

1974 அக்டோபர் 28-இல் அதிபர் ஃபோர்டு கையெழுத்துப் போட்டு, ஈக்வல் கிரெடிட் ஆப்பர்ச்சுனிட்டி சட்டம் பிறந்தது. முதலில் பால், திருமண நிலை ரெண்டு மட்டும்தான். 1976-இல் இனம், நிறம், மதம், பூர்வீக நாடு, வயசு எல்லாம் சேர்ந்தது.

அந்த 1976 திருத்தத்தில்தான் நம்ம கடிதம் வருது. முழு விண்ணப்பம் வந்து 30 நாளுக்குள் வங்கி முடிவைச் சொல்லணும். நிராகரிச்சா காரணத்தை எழுத்தில் கொடுக்கணும், இல்லைன்னா கேட்டு வாங்குற உரிமை உனக்கு இருக்குன்னாவது சொல்லணும். 60 நாளுக்குள் கேட்டா, அதுக்கப்புறம் 30 நாளில் காரணம் வந்தாகணும்.

எதுக்கு இது? செனட் குழுவோட அறிக்கை தெளிவா சொல்லுது. காரணம் எழுதணும்னா பாகுபாடு காட்டுறவனுக்குப் பயம் வரும். மனு போட்டவருக்குத் தன்னோட குறை எங்கேன்னு தெரியும். முக்கியமா, வங்கி தப்பான தகவலையோ அரைகுறைத் தகவலையோ வெச்சு முடிவு எடுத்திருந்தா, அதைச் சரி பண்ண ஒரு வாய்ப்புக் கிடைக்கும்.

இந்தக் கடைசி விஷயத்தைக் கொஞ்சம் நிதானமா படிங்க. இன்னைக்கு "ரீகன்சிடரேஷன்" என்று வங்கிக்குப் போன் போட்டுப் பேசுறாங்களே, அதுக்கு விதை இதுதான். மறுபரிசீலனை பண்ணியே ஆகணும் என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை. காரணத்தைச் சொல்லு என்று மட்டும்தான் இருக்கு. ஆனா காரணம் கையில் இருந்தா போய் வாதாடலாமே.

மெஷின் வந்தது

இதுக்கு நடுவில் இன்னொரு கதை. 1956-இல் பில் ஃபேர், ஏர்ல் ஐசக் என்று ரெண்டு பேர், ஆளுக்கு 400 டாலர் போட்டு ஒரு கம்பெனி ஆரம்பிச்சாங்க. கடன் கேட்கிறவருக்கு மார்க் போடுற முறையைக் கண்டுபிடிச்சு, 1958-இல் நாட்டின் 50 பெரிய கடன் நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதினாங்க. பதில் போட்டது ஒரே ஒருத்தர்! ஆனா பாகுபாட்டுச் சட்டம் வந்தப்புறம் வங்கிகளுக்கு இந்த மார்க் முறை வசதியாப் போச்சு. "நாங்க மூஞ்சி பார்க்கிறதில்லை சார், கணக்குத்தான்" என்று சொல்லிக்கலாம் இல்லையா? 1989-இல் ஃபைகோ ஸ்கோர் பொதுவா புழக்கத்துக்கு வந்தது.

சரி, மார்க் குறைவு என்று ஒரே வரியில் முடிச்சுடலாமே? முடியாது. "எங்க உள் விதிப்படி", "தேவையான ஸ்கோர் வரலை" என்றெல்லாம் எழுதினா அது காரணமே ஆகாது என்று விதி சொல்லுது. ஸ்கோரை இழுத்துக் கீழே தள்ளினது எது என்று குறிப்பா சொல்லணும். 2011 ஜூலையிலிருந்து, ஸ்கோரைப் பார்த்து முடிவு எடுத்திருந்தா அந்த எண்ணையும் கடிதத்தில் போட்டாகணும்.

மறுபடியும் மனைவி சம்பளம்

வரலாறு முடிஞ்சுதுன்னு நினைச்சா அதான் இல்லை. 2009-இல் கார்டு சட்டம் என்று ஒண்ணு வந்தது. திருப்பிக் கட்ட வசதி இருக்கான்னு பார்த்துட்டுத்தான் கார்டு கொடுக்கணும். மாணவர்கள் கடனில் மூழ்கக் கூடாது என்பது நல்ல நோக்கம்தான். ஆனா 2011 அக்டோபரில் அமலுக்கு வந்த விதியில், எந்த வயசா இருந்தாலும் அவங்கவங்க சொந்த வருமானத்தைத்தான் பார்க்கணும் என்று ஆக்கிட்டாங்க. வீட்டைப் பார்த்துக்கிற மனைவிமார் கதி? 1972-க்கே திரும்பிப் போன மாதிரி ஆயிடுச்சு.

மறுபடி மனுக்கள், கூச்சல். 2013-இல் விதியை மாத்தினாங்க. 21 வயசு ஆனவங்க, தங்களுக்குப் பயன்படுத்த நியாயமா வழி இருக்கிற குடும்ப வருமானத்தையும் காட்டலாம். சட்டம் எழுதினவங்களையே மறுபரிசீலனை பண்ண வெச்சாச்சு!

நம்ம மக்களுக்கு இது நேரடியா உதவுற விஷயம். நியூஜெர்சியில் இருக்கிற நண்பரோட மனைவிக்கு "வருமானம் போதாது" என்று கடிதம் வந்தது. அந்தம்மா போன் போட்டு, கூட்டுக் கணக்கில் வர்ற கணவர் சம்பளத்தையும் சேர்க்கலாமே என்று கேட்டாங்க. அந்தப் பக்கம் இருந்தவர் கொஞ்ச நேரம் ஹோல்டில் போட்டுட்டு வந்து சரின்னுட்டார். மொத்தம் பன்னிரண்டு நிமிஷம்.

2019 நவம்பரில் ஆப்பிள் கார்டு விவகாரம் ஞாபகம் இருக்கும். டேவிட் ஹைன்மையர் ஹான்சன் என்ற பிரபல மென்பொருள்காரர், தனக்கு மனைவியை விட 20 மடங்கு கடன் வரம்பு என்று ட்விட்டரில் பொங்கினார். நியூயார்க் மாநில நிதித்துறை விசாரிச்சு, 2021 மார்ச்சில் சட்டவிரோதப் பாகுபாடு எதுவும் இல்லை என்று அறிக்கை கொடுத்தது. ஆனா வாடிக்கையாளருக்கு விளக்கம் சொல்றதில் குறை இருந்தது என்றும் சேர்த்தே சொன்னது. திரும்பவும் அதே கேள்விதான் பாருங்க, ஏன்?

அப்போ என்ன பண்றது?

கடிதத்தை வெச்சுக்கிட்டு ஒவ்வொரு காரணமா பாருங்க.

"கடன் வரலாறு போதாது" என்று வந்தா, அது பொதுவா புதுசா வந்திறங்கினவங்களுக்கு வர்றது. கோயம்புத்தூரில் பத்து வருஷம் ஒழுங்கா தவணை கட்டியிருந்தாலும் இங்கே அது ஃபைலில் இருக்காது. வேலை, சம்பளம், அதே வங்கியில் இருக்கிற சேமிப்புக் கணக்கு எல்லாத்தையும் எடுத்துச் சொல்லுங்க.

"அடையாளத்தைச் சரிபார்க்க முடியவில்லை" என்று வந்தா, பேர் குழப்பமா இருக்கலாம். நம்ம இனிஷியலையும் அப்பா பேரையும் வெச்சு அவங்க படுற பாடு தெரிஞ்சதுதானே? :-) ஆவணம் அனுப்பினா தீர்ந்துடும்.

"எங்களிடம் ஏற்கெனவே போதுமான கடன் வரம்பு இருக்கிறது" என்றால், பழைய கார்டின் வரம்பைக் குறைச்சு இதுக்கு மாத்திக் கேட்கலாம்.

ரிப்போர்ட்டே தப்புன்னு தோணினா, கடிதம் வந்து 60 நாளுக்குள் அந்தப் பொடி எழுத்து விலாசத்தில் கேட்டா ரிப்போர்ட் இலவசம். தப்பைச் சுட்டிக் காட்டினா, பொதுவா 30 நாளில் அவங்க விசாரிச்சாகணும். அதைத் திருத்திட்டு அப்புறம் வங்கியிடம் போங்க.

கோபப்படாதீங்க. போன் எடுக்கிறவர் உங்களை நிராகரிச்சவர் இல்லை. பெரும்பாலும் நிராகரிச்சது மெஷின். அந்த போனில்தான் முதல் தடவையா ஒரு மனுஷன் உங்க விண்ணப்பத்தைப் படிக்கிறான்.

கொசுறா ஒண்ணு. நம்மூரிலும் கார்டு விண்ணப்பத்தை நிராகரிச்சா குறிப்பான காரணத்தை எழுத்தில் தரணும் என்று ரிசர்வ் வங்கி 2022-இல் வெளியிட்ட கார்டு வழிகாட்டு நெறிகளில் சொல்லியிருக்கு. எத்தனை பேர் கேட்டு வாங்குறோம்?

கார்டு கிடைக்காட்டி உலகம் ஒண்ணும் முடிஞ்சுடாது. சொல்லப் போனா சில பேருக்குக் கிடைக்காம இருக்கிறதே நல்லது. ஆனா "முடியாது" என்று சொல்ற அதிகாரம் இருக்கிறவன், ஏன் என்றும் சொல்லக் கடமைப்பட்டவன். அதை அவன் வாயிலிருந்து வரவழைக்க ஒரு தலைமுறைப் பெண்கள் பாடுபட்டிருக்காங்க. அதனால் அடுத்த தடவை அந்தக் கடிதம் வந்தா, ரெண்டாவது வரியையும் படிச்சுட்டு அப்புறம் கசக்குங்க.