வழியில் நின்று பாடியவர்

தலைமை என்றதும் மேடையும் பதவியும் நம் மனக்கண்ணில் எழுகின்றன. மேடையிட ஒரு முழ நிலமும் கிடையாத இடத்தில் தலைமை எவ்வாறு தோன்றியது என அறிய விழைவோர் 1920களின் ஹட்டன், நுவரெலியாத் தோட்டங்களை நோக்குதல் வேண்டும். தோட்டம் துரையின் ஆட்சிக்குட்பட்டது. அனுமதியின்றி நுழைந்தவர் அத்துமீறிய குற்றத்துக்கு ஆளாவார். லயன் காம்பிராவும் தோட்டத்துக்கே உரியதாகலின், வேலை போயின் கூரையும் போயிற்று. போதாக்குறைக்குக் கங்காணியிடம் பட்ட கடன்.

தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர் இத்தோட்டங்களுட் புகுந்தது புடைவை வியாபாரி வேடத்திலாகும். பிராமண குலத்திற் பிறந்த ஒருவர் மூட்டை சுமந்து லயன்தோறும் ஏறியிறங்கினார். 1921 இல் கொழும்பில் 'தேசநேசன்' நாளிதழை நடத்தியவர். சட்ட நிரூபண சபையிலும் அமர்ந்தவர். கொழும்புத் தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்க இந்தியத் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பியபோது, வலிமைமிக்க அத்தோழமையைத் துறந்து, 1931 இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார்.

எனினும் என் மனத்தை மிகுதியும் ஈர்ப்பவர் அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மையே. வழியோரங்களில் நின்று அவர் பாடுவார், கூட்டம் சேரும், பின்னரே பேச்சு. குலப்பெண்டிர் பொதுவிடத்திற் பாடுதலை இழுக்கெனக் கருதிய காலமது! எழுத்தறியாத மக்களிடையே, பலரும் அறிந்த மெட்டில் அமைந்த பாட்டு தானே பரவும். துண்டுப்பிரசுரம் அகப்பட்டால் அது சான்று. கொழுந்து பறிக்கும் பெண்ணின் நாவிலுள்ள பாட்டை எக்கணக்கப்பிள்ளை பறிமுதல் செய்வான்? மாரியம்மனிடம் மட்டுமே முறையிட்டுப் பழகியோர், துரையிடமும் தம் குறையைக் கூறலாம் என நம்பத் தலைப்பட்டதற்கு அப்பாடல்களும் ஒரு காரணம் என்பது என் துணிபு. 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என நூலுருவும் பெற்ற அவை, இந்தியரை வெளியேற்றுக என முழங்கிய அரசியல்வாதிகளுக்கு மறுமொழியாகவும் அமைந்தன. இத்துணைச் செய்தவருக்கு நம் வரலாற்று நூல்களிற் சில வரிகளே கிட்டியுள்ளன.

1936 முதல் அரசாங்க சபையில் ஹட்டன் தொகுதியின் உறுப்பினராயிருந்த நடேசய்யர், 1947 பொதுத்தேர்தலில் தோல்வியுற்றார், அவ்வாண்டே மறைந்தார். இதனை மறைக்கவேண்டியதில்லை. மலையகத்தில் வென்றோர் இலங்கை இந்தியக் காங்கிரசார். பழைய தலைவரை விடுத்துப் புதியோரைத் தெரிந்தமையும் தொழிலாளர் தம் உரிமையைக் கையாண்டதேயாம். 1948 ஆம், 1949 ஆம் ஆண்டுச் சட்டங்கள் அவருட் பெரும்பான்மையோரிடமிருந்து பிரசாவுரிமையையும் வாக்கையும் பறித்துக்கொண்டன.